மெய்விவாகமும் மெய்யன்பும்

மதநம்பிக்கை கணவன் மனைவியரின் அன்பை வளர்த்ததா, அதற்குத் தளையிட்டதா என்ற கேள்வியை நம்மவர்கள் பெரும்பாலும் நூல்களைக் கொண்டே விவாதித்து வருகிறார்கள். ஒரு சாரார் அர்ச். சின்னப்பர் எபேசியருக்கு எழுதிய நிருபத்தை எடுத்து வைக்கிறார்கள். மறுசாரார் எங்கெல்ஸ் 1884இல் வெளியிட்ட, குடும்பத்தின் தோற்றம் பற்றிய நூலை எடுத்து வைக்கிறார்கள். இரண்டும் படிக்க வேண்டியவையே. ஆனால் நூலுக்கும் நூலுக்கும் நடக்கும் இந்த வழக்கிலே, கல்யாணம் செய்து வாழ்ந்து மடிந்த மனிதர்கள் சாட்சிக்கு அழைக்கப்படுவதில்லை. அவர்களை இங்கே அழைக்க விரும்புகிறோம். அதற்கு நாம் தேர்ந்துகொண்ட இடம் இலங்கையின் மேற்குக் கரையில் உள்ள புத்தளம் மாவட்டத்துக் கடலோரம்.

நீர்கொழும்புக்கு வடக்கே மகா ஓயாவைக் கடந்தால் இந்த மாவட்டம் தொடங்கிவிடும். வென்னப்புவ, மாரவில, சிலாபம், உடப்பு, முந்தல் என்று வடக்கே நீளுகின்ற கரை, புத்தளம் கடனீரேரிக்கும் பெருங்கடலுக்கும் நடுவே கற்பிட்டி என்ற மணல் நாக்கை நீட்டி நிற்கிறது. கத்தோலிக்க மீனவர்களும், திரௌபதை அம்மனுக்குத் தீமிதிக்கும் உடப்புச் சைவர்களும், புத்தளம் கற்பிட்டி முஸ்லிம்களும் ஒரே காற்றில் பாய் விரித்த கரை இது. சிலாபத்துக்குத் தெற்கே இன்று சிங்களம் பேசுகிற கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றில் சில தலைமுறைகளுக்கு முன்னர் வீட்டுமொழி தமிழாகவே இருந்தது. அந்த மொழி மாற்றத்தின் கதை தனியே எழுதப்பட வேண்டியது. இங்கே அதைத் தொட்டுவிட்டு அப்பால் செல்கிறோம்.

பழைய ஞானோபதேச ஏடுகளில் திருமணம் என்ற தேவதிரவிய அநுமானத்துக்கு ‘மெய்விவாகம்’ என்று பெயர். இந்தச் சொல்லை ஆக்கியவர்கள் யாராயினும் தமிழறிந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. மெய் என்றால் உண்மை. மெய் என்றால் உடம்பு. உடம்பை இழிவாகக் கருதிய துறவிகள் பலரைப் பெற்ற ஒரு மதம், இல்லறத்துக்கு இப்படியொரு பெயரைச் சூட்டி, அதை ஞானஸ்நானத்தோடும் நற்கருணையோடும் ஒரே வரிசையில் வைத்திருக்கிறது. கணவனின் சரீரத்தின்மீது மனைவிக்கும், மனைவியின் சரீரத்தின்மீது கணவனுக்கும் சமமான அதிகாரம் உண்டு என்று கொரிந்தியருக்கு எழுதிய சின்னப்பரே, மனைவியர் கணவருக்குக் கீழ்ப்படியவேண்டும் என்றும் சொல்லுகிறார். இரண்டு குரல்களும் அந்த மதத்துக்குள் உண்டு. எந்தக் குரல் எந்தக் காலத்தில் ஓங்கி ஒலித்தது என்பதைத் தீர்மானித்தவை வேதவாக்கியங்கள் மட்டுமல்ல என்பதே நம் வாதம்.

1563ஆம் ஆண்டு திரெந்து நகரில் கூடியிருந்த பொதுச்சங்கம் விவாகம் குறித்து ஒரு கட்டளை பிறப்பித்தது. இரகசியக் கல்யாணங்களை ஒழிப்பது அதன் நோக்கம். பங்குக் குருவும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் இல்லாமல் செய்யப்படும் விவாகம் செல்லாது என்று விதித்தார்கள். பிரெஞ்சு அரசனின் தூதர்கள், பெற்றோர் சம்மதமில்லாத விவாகத்தையும் செல்லாததாக்க வேண்டுமென்று வற்புறுத்தினார்கள். பிரபு வம்சங்களின் சொத்து சிதறிவிடும் என்பது அவர்கள் கவலை. சங்கம் அதற்கு இணங்கவில்லை. பெற்றோர் விருப்பத்தை மீறுவதை அது கண்டித்ததாயினும், விவாகத்தை விவாகமாக்குவது அந்த இருவரின் சம்மதமே என்ற பழைய கொள்கையை அது விட்டுக்கொடுக்கவில்லை. தம் ஆட்சிக்குட்பட்ட ஆண் பெண்களைப் பிரபுக்களும் அதிகாரிகளும் வற்புறுத்தி மணமுடித்து வைப்பதையும் அதே அமர்வில் தடைசெய்தது.

பெண்ணை நிலத்தோடும் மாட்டோடும் சேர்த்து எண்ணிய நிலப்பிரபுத்துவ உலகில் இது சிறிய காரியமன்று. கோயிலில் எல்லோர் முன்னிலையிலும் பெண்ணின் பெயரைச் சொல்லி அழைத்து, ‘இவனை நீ மனதார ஏற்கிறாயா?’ என்று ஒரு தடவையாவது கேட்டாக வேண்டும். அவள் பதில் சொன்னால்தான் காரியம் நடக்கும். அந்தக் கேள்வி வெறும் சடங்காகத் தேய்ந்துபோன சந்தர்ப்பங்களே அதிகம் என்பதை நாம் அறிவோம். தகப்பனும் தாய்மாமனும் முதல்நாளே முடித்து வைத்த பேச்சுக்கு அவள் தலையசைத்திருப்பாள். எனினும், கேட்கப்படாத சமுதாயத்துக்கும் கேட்கப்படுகிற சமுதாயத்துக்கும் வேறுபாடு உண்டு. கடலுக்கு அப்பால், மதுரை மிஷனின் வழக்கங்களை விசாரிக்க வந்த பாப்பரசரின் தூதர் தூர்னோன், 1704இல் புதுச்சேரியில் வெளியிட்ட கட்டளையில், அறியாப் பருவத்துச் சிறுபிள்ளைகளுக்கு மணமுடிக்கும் வழக்கத்தைத் தடுத்தார். தமிழர் மரபுகளை அவமதித்தவர் என்று அவரைப் பலர் குறை கூறுவர். வேறு விஷயங்களில் அந்தக் குறை நியாயமானதுதான். குழந்தை மண விஷயத்தில் நாம் அவர் பக்கம்.

கரையோர மக்களின் உறவுமுறை திருச்சபைச் சட்டத்தோடு நேருக்கு நேர் மோதிய இடம் ஒன்றுண்டு. தமிழரிடையே மாமன் மகளும் மாமி மகளும் மச்சாள் முறை. அவர்களை மணப்பது அனுமதிக்கப்பட்டது மாத்திரமன்று, எதிர்பார்க்கப்பட்டதும்கூட. சிங்கள மக்களின் முறையும் ஏறக்குறைய இதுவே. உரோமைச் சட்டமோ 1215இல் நடந்த லாத்தரன் சங்கத்துக்குப் பின்னரும் நான்காம் தலைமுறை வரையில் இரத்த உறவினரிடையே மணம் கூடாதென்றது. 1917இல் தொகுக்கப்பட்ட சட்டம் அதை மூன்றாக்கியது. இன்றும் நேர் மச்சான் மச்சாள் மணத்துக்கு மேற்றிராணியாரின் விதிவிலக்கு வேண்டும். சொத்து வெளியே போகாமல் காப்பதற்காகக் குடும்பங்கள் கையாண்ட உறவு மணத்துக்கு முன்னால், இப்படியொரு கேள்விக்குறி வந்து நின்றது. விதிவிலக்குகள் தாராளமாகக் கொடுக்கப்பட்டன. கடற்கரையில் மச்சாள் மணம் மறைந்துவிடவில்லை. ஆனாலும் உரிமை என்று கருதப்பட்டது அனுமதி கேட்கவேண்டிய ஒன்றாக மாறியதில், அந்த உரிமைக்குள் சிக்கிய பெண்ணுக்குச் சிறிது மூச்சுவிட இடம் கிடைத்திருக்கும். சாதி விஷயத்தில் அந்த இடமும் கிடைக்கவில்லை. கரையார், பரவர், முக்குவர் என்ற பிரிவுகள் கோயில் வாசலில் அழிந்துபோகவில்லை. சம்மதம் இருவருடையது என்று போதித்த சபை, அந்த இருவரும் எந்தக் குலத்தவர் என்று ஊர் கேட்டபோது பெரும்பாலும் மௌனம் சாதித்தது.

இனி நாம் ஒல்லாந்தர் காலத்துக்கு வருகிறோம். நம் கட்டுரையின் இருதயம் அங்கேதான் இருக்கிறது.

1658இல் யாழ்ப்பாணம் வீழ்ந்தது. மறு வருடம் கற்பிட்டி ஒல்லாந்தர் வசமாயிற்று. 1667இல் அங்கே கோட்டை கட்டத் தொடங்கினார்கள். அது இன்றும் நிற்கிறது. அதன் வாசல் முகப்பு கோயில் முகப்பைப் போலிருப்பதற்கு, கண்டி மன்னனிடம் கோயில் கட்டுவதாகச் சொல்லி அனுமதி வாங்கியதே காரணம் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், கோட்டையைக் கோயிலாகவும் கோயிலைக் கோட்டையாகவும் நடத்திய ஆட்சி அது. கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் கொடுப்போருக்கு மரணதண்டனை என்று 1658இலேயே பிரகடனம் செய்துவிட்டார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகத்தில் ஞானஸ்நானமும் விவாகமும் சீர்திருத்தத் திருச்சபையின் ஏட்டில் பதியப்பட வேண்டும். ஊர்ப் பள்ளிக்கூடம் வெறும் பள்ளிக்கூடமன்று. பள்ளி உபாத்தியாயர் தோம்பு என்ற பதிவேட்டைக் காத்து, பிறப்பையும் மணத்தையும் குறித்து வைக்கும் கம்பெனி உத்தியோகத்தர். மணமக்கள் அவர் முன்னே கர்த்தர் கற்பித்த செபத்தையும் விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கற்பனைகளையும் சீர்திருத்தச் சபை முறைப்படி ஒப்பிக்க வேண்டும். தோம்பில் பெயரில்லாத மணம் மணமன்று. அதிற் பிறந்த பிள்ளைக்கு முதுசத்தில் உரிமையில்லை.

கம்பெனியின் கணக்குப்புத்தி இதில் நன்றாகத் தெரிகிறது. சொத்துரிமையைக் கையில் பிடித்துக்கொண்டால் ஆத்துமா தானாகப் பின்னால் வரும் என்று அவர்கள் நினைத்தார்கள். மக்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தார்கள், ஒப்பித்தார்கள், பெயரைப் பதிந்தார்கள். ஏட்டைப் பார்த்தால் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் மதத்தைத் தழுவிவிட்டதாகவே தோன்றும்.

ஆனால் அதோடு காரியம் முடியவில்லை. 1687இல் கோவையைச் சேர்ந்த யோசேப் வாஸ் என்ற கொங்கணிக் குருவானவர் கூலியாள் வேடத்தில் இலங்கைக் கரையேறினார். (தமிழகத்துக் கோயம்புத்தூர் என்று வாசகர்கள் மயங்க வேண்டாம், போர்த்துக்கேயரின் கோவாவையே பழைய ஏடுகள் கோவை என்னும்.) யாழ்ப்பாணத்தில் மறைந்து பணி செய்த அவர், அங்கே வேட்டை கடுமையானபோது புத்தளத்துக்கு வந்து சேர்ந்தார். புத்தளம் அப்போது கண்டி மன்னனின் துறைமுகம். 1766ஆம் வருட உடன்படிக்கையில்தான் கரை முழுவதும் ஒல்லாந்தருக்குப் போயிற்று. ஆகையால் கற்பிட்டியில் ஒல்லாந்தரின் பீரங்கி, கடனீரேரிக்கு இக்கரையில் கண்டி மன்னனின் நிழல் என்ற விசித்திரமான எல்லை இங்கே அமைந்திருந்தது. வாஸ் முனிவரும் அவரைப் பின்பற்றி வந்த ஓரத்தோரியன் சபைக் குருமாரும் இந்த எல்லையின் இடுக்கிலேதான் நடமாடினார்கள். 1711இல் அவர் கண்டியில் இறந்தார். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

குருவானவர் ஓர் ஊருக்கு வருவது வருடத்துக்கு ஒருமுறையோ இருமுறையோதான், அதுவும் இரவில். வந்தவர் செய்த வேலைகளில் ஒன்று, ஏற்கெனவே பள்ளிக்கூடத்தில் பதிந்து குடும்பம் நடத்திக்கொண்டிருந்த தம்பதிகளுக்கு மறுபடியும் விவாகம் செய்து வைப்பது. இதை நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். முதல் கல்யாணத்தால் கிடைக்கக்கூடிய உலக நன்மைகள் யாவும் அவர்களுக்குக் கிடைத்துவிட்டன. சொத்துரிமை உண்டு, ஊர் அங்கீகாரம் உண்டு, பிள்ளைகளுக்குப் பெயருண்டு. இரண்டாவது கல்யாணத்தால் கிடைக்கக்கூடியது அபராதமும் தண்டனையும்தான். சீதனம் மறுபடி பேசப்படவில்லை, விருந்தில்லை, மேளமில்லை. கையில் ஒரு மெழுகுதிரி வெளிச்சம், இரண்டு சாட்சிகள், கேட்கத் தெரிந்த ஒரு கேள்வி. சில மாதங்களோ சில வருடங்களோ கூடி வாழ்ந்து, ஒருவர் குணத்தை மற்றவர் நன்றாக அறிந்த பின்னர், அந்த ஆணும் பெண்ணும் ‘ஆம்’ என்று மீண்டும் சொல்லுகிறார்கள்.

பெற்றோர் நிச்சயித்த முதல் மணத்தில் சொல்லிய ‘ஆம்’ குடும்பத்தின் சொல்லாக இருந்திருக்கலாம். இந்த இரண்டாவது ‘ஆம்’ அவர்களுடைய சொந்தச் சொல். நரகத்துக்கு அஞ்சிச் சொன்னார்கள், குருவுக்கு அடங்கிச் சொன்னார்கள் என்று யாராவது மறுத்துரைக்கலாம். அச்சமும் அடக்கமும் அதில் கலந்திருக்கும்தான். ஆனால் அரசாங்கம் அச்சுறுத்திய திக்கு வேறு. அவர்கள் நடந்த திக்கு வேறு. ஓர் ஏகாதிபத்தியக் கம்பெனி விவாகத்தைச் சொத்துப் பதிவாகச் சுருக்கிய காலத்தில், படிப்பறிவில்லாத மீனவத் தம்பதிகள் அதைத் தங்கள் இருவருக்கிடையேயான வாக்குறுதியாகக் காத்துக்கொண்டார்கள். கிறிஸ்தவ விசுவாசம் இந்தக் கரையில் இல்லற அன்பை ஆழப்படுத்தியது என்று நாம் சொல்வதாயின், இந்த இடத்தை விரலால் தொட்டே சொல்லுவோம்.

குரு இல்லாத மாதங்களில் கோயில் வீட்டுக்குள் வந்துவிட்டது. மூப்பரும் அண்ணாவியாரும் செபம் நடத்தினார்கள். அவர்களும் இல்லாத வீட்டில் கணவனும் மனைவியுமே நடத்தினார்கள். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் என்ற மற்றொரு கோவைக் குரு, தமிழிலும் சிங்களத்திலும் ஏராளமாக எழுதினார். அவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ தபசு காலத்தில் கோயில்களிலும் வீடுகளிலும் உருக்கமாக வாசிக்கப்பட்டு வந்தது. அவர் 1742இல் இறந்து அடங்கிய இடமான போலவத்தை இந்த மாவட்டத்தின் தென்கோடியிலேதான் இருக்கிறது. அச்சு யந்திரம் ஒல்லாந்தர் கையில் இருந்தபடியால் அவர் நூல்கள் ஓலையிலும் கையெழுத்திலும் பரவின. மாலையில் விளக்கேற்றி இருவரும் முழந்தாளிட்டு மாறி மாறிச் சொல்லும் செபம், ஓர் அடியை அவனும் மறு அடியை அவளுமாகச் சொல்வது, பேச்சு வார்த்தையே குறைவாயிருந்த அந்நாளைய இல்லறத்தில் தம்பதிகள் சேர்ந்து செய்த சில காரியங்களில் ஒன்று. நம் பகுத்தறிவு நண்பர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். எழுத்தறிவில்லாத ஒரு பெண், கணவனோடு சரிசமமாகக் குரலெடுத்துப் பேசிய வேறு சந்தர்ப்பம் அந்தக் காலத்தில் எது என்று அவர்களை நாம் கேட்கிறோம்.

ஆங்கிலேயர் வந்தார்கள். 1806ஆம் ஆண்டு மே மாதம் தேசாதிபதி தோமஸ் மெயிட்லண்ட் வெளியிட்ட ஒழுங்குவிதி கத்தோலிக்கருக்கு வழிபாட்டுச் சுதந்திரம் அளித்தது. அதில் ஒரு பிரிவு நம் விஷயத்துக்கு முக்கியமானது: 1795 ஆகஸ்டு 26ஆம் தேதிக்குப் பின்னர் கத்தோலிக்க முறைப்படி நடந்த கத்தோலிக்கரின் விவாகங்கள், ஒல்லாந்த அரசு விதித்த முறைகள் அனுசரிக்கப்படாதிருந்தாலும், சட்டப்படி செல்லும். ஆட்சி கைமாறிய பத்து வருட இடைவெளியில், பள்ளிக்கூடத் தோம்பை அலட்சியம் செய்துவிட்டுத் தம் குருவிடம் மாத்திரம் மணமுடித்தவர்கள் பலர் இருந்தபடியாலேயே இப்படியொரு பிரிவு தேவைப்பட்டது. அவர்களுடைய பிள்ளைகள் ஒரே நாளில் முறைப்படி பிறந்த பிள்ளைகளானார்கள். மெயிட்லண்டை அன்பின் தூதுவராக நாம் கருதவேண்டியதில்லை. அதே 1806இல்தான் முஸ்லிம்களின் விவாக, முதுசச் சட்டக்கோவையும் தேசவழமையும் அரசாங்க அங்கீகாரம் பெற்றன. ஒவ்வொரு சமூகத்தையும் அதனதன் பெட்டியில் போட்டுப் பூட்டினால் ஆளுவது சுலபம் என்பதைப் புதிய எசமானர்கள் கண்டுகொண்டார்கள்.

அன்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் சொத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறார்கள். நாம் கூச்சப்படவில்லை. இந்தக் கரையில் வாழ்ந்த முக்குவரிடையே முன்னாளில் தாய்வழி உரிமை வழங்கியது. ஒருவனுடைய முதுசம் அவன் சகோதரியின் பிள்ளைகளைச் சேர்ந்தது. அங்கே உறவின் அச்சாணி அண்ணன் தங்கை, கணவன் மனைவியல்லர். அந்த முறை காலப்போக்கில் தேய்ந்து, கரையோரத்துக் கிறிஸ்தவர்களுக்கு உரோமன் ஒல்லாந்தச் சட்டம் பொதுச் சட்டமாயிற்று. கணவனும் மனைவியும் ஒரு தனிக் குடும்பம் என்ற எண்ணத்துக்கு இச்சட்டம் துணை செய்தது. மணத்தினால் இருவர் உடைமையும் ஒன்றாகிறது, பாதி மனைவியுடையது என்றும் அது சொல்லியது. கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் அந்தப் பொது உடைமையை ஆளும் அதிகாரம் கணவனுக்கே. சட்டத்தின் கண்ணில் அவள் அவனுடைய பாதுகாப்பில் இருக்கும் மைனர். 1876ஆம் ஆண்டு 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இந்தப் பொது உடைமையை ஒழித்து, மனைவியின் காணி பூமியை அவளுடைய தனிச் சொத்தாக்கியது. எனினும் அதை விற்கவோ எழுதிக் கொடுக்கவோ கணவனின் சம்மதம் வேண்டியிருந்தது. 1923இல் வந்த சட்டமே விவாகமான பெண்ணைத் தன் சொத்துக்கு முழு எசமானியாக்கியது. ஒரே சரீரம் என்று கோயிலில் ஓதப்பட்டவர்கள் கச்சேரியில் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்காமல், விசுவாசத்தின் வெற்றியைக் கொண்டாடுவது அரைகுறைச் சரித்திரமாகும்.

கற்பிட்டிக் குடாவில், கடலைப் பார்த்தபடி தலவில என்ற இடத்தில் புனித அன்னம்மாள் கோயில் இருக்கிறது. மார்ச் மாதத்திலும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களை ஒட்டியும் அங்கே பெருவிழா. தீவின் பல பாகங்களிலிருந்தும் தமிழரும் சிங்களவரும் திரண்டு வந்து, மணலில் கொட்டிலும் கூடாரமும் போட்டு நாட்கணக்கில் தங்குவார்கள். சைவர்களும் முஸ்லிம்களும் நேர்த்தி வைத்து வருவதுண்டு. அன்னம்மாள் யார்? மரியாளின் தாய், சுவக்கீனின் மனைவி. வேதாகமத்தின் நான்கு சுவிசேஷங்களிலும் அவள் பெயர் கிடையாது. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த, திருச்சபை வேதநூலாக ஏற்காத ஒரு பழைய ஏட்டில்தான் அவள் கதை வருகிறது. பிள்ளையில்லாதவன் என்று ஆலயத்தில் அவமதிக்கப்பட்ட சுவக்கீன், மனைவியிடம் சொல்லாமல் வனாந்தரத்துக்குப் போய்விடுகிறான். மலடியென்றும் விதவையென்றும் இரண்டு துக்கத்தைச் சுமந்து அவள் அழுகிறாள். கடைசியில் நகர வாசலில் அவனைக் கண்டு ஓடிச்சென்று அவன் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். இத்தாலிய ஓவியன் ஜோத்தோ, பதுவா நகரத்துச் சிற்றாலயத்தில் 1305ஐ ஒட்டி அந்தச் சந்திப்பைத் தீட்டியிருக்கிறான். நரைத்த இருவர் முகத்தோடு முகம் வைத்து நிற்கும் அந்தச் சித்திரத்தைப் புத்தகப் படங்களிலாவது பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

பண்டிதர்கள் ஒதுக்கிய கதையைப் பாமரர் எடுத்துக்கொண்டதில் நமக்கு வியப்பில்லை. கன்னிமையைப் போற்றும் திருநாட்கள் நிறைந்த ஒரு மதத்தில், கணவனோடு வாழ்ந்து, மலடியென்று இகழப்பட்டு, முதுமையில் பிள்ளை பெற்ற ஒரு கிழவியை இந்தக் கரையின் பெண்கள் தங்கள் தாயாகத் தெரிந்தெடுத்தார்கள். சூதில் கணவன் பணயம் வைத்த ஒருத்திக்கு உடப்பில் தீமிதிக்கிறார்கள். பிள்ளையில்லாமையால் கணவன் விட்டுச்சென்ற ஒருத்திக்குத் தலவிலவில் மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். இரண்டு ஊர்களுக்கும் நடுவே தூரம் அதிகமில்லை.

உரோமாபுரியின் சட்டநூல் அன்பைப் பற்றி எப்போது பேசியது என்று தேடினால் விடை சுவாரசியமானது. 1917ஆம் வருடத் தொகுப்பு, விவாகத்தின் முதன்மை நோக்கம் பிள்ளைகளைப் பெற்று வளர்ப்பது என்றும், பரஸ்பர உதவியும் இச்சைக்கு மருந்தும் இரண்டாவது நோக்கம் என்றும் வகுத்தது. 1930இல் பதினோராம் பத்திநாதர் எழுதிய நிருபம் கணவனைத் தலை என்றும் மனைவியை இருதயம் என்றும் வருணித்தது. தலை யாருடையது என்பதில் சந்தேகம் வைக்கவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல்தான் விவாகத்தை வாழ்வும் அன்பும் கூடிய நெருங்கிய உறவென்று விவரித்து, நோக்கங்களை முதல், இரண்டு என்று வரிசைப்படுத்துவதைக் கைவிட்டது. மெய்விவாகம் என்ற சொல்லை ஓலையில் எழுதிவைத்த கரைக்கு இந்தச் செய்தி சற்றுத் தாமதமாகவே வந்து சேர்ந்தது.

அன்றாட வாழ்க்கையில் அந்த அன்புக்கு உருவம் கொடுத்தது உழைப்பு. ஆண் கடலுக்குப் போனால் கரையிலுள்ள சகலமும் பெண்ணுடையது. கருவாடு போடுவது, கடன் வாங்குவது, அடகு வைப்பது, சீட்டுக் கட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு. பருவம் மாறித் தெற்கூர்க் குடும்பங்கள் கற்பிட்டிப் பக்கத்து வாடிகளுக்குப் பெயர்ந்தபோது அடுப்பைத் தூக்கிச் சென்றவளும் அவளே. 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிலாபத்தை அடுத்த கத்தோலிக்க மீனவக் கிராமமொன்றில் தங்கி ஆராய்ந்த ஆர். எல். ஸ்டிரட் என்ற மானிடவியலாளர், 1989இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், அங்கே ஆண்கள் சம்பாதித்த பணத்தைப் பெண்கள் கையில் கொடுத்துவிடுவதையும் வீட்டின் வரவு செலவு பெண்களிடமே இருப்பதையும் எடுத்துக்காட்டினார். மனைவியை மைனராக்கிய சட்டம் கச்சேரியில் வழங்கிய நாட்டில், ஓலைக் குடிசைக்குள் கணக்குப் பெட்டியின் திறவுகோல் அவள் இடுப்பில் இருந்தது. சம அன்பு என்பது எங்கே வளரக்கூடும் என்று தேடுகிறவர்கள் இந்தத் திறவுகோலையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

1950களின் பிற்பகுதியிலிருந்து இயந்திரமும் நைலான் வலையும் வந்தன. படகுக்கு முதல் வேண்டியிருந்தது. பலருக்கு அந்த முதல் சீதனமாக வந்தது. முன்பு நகையும் துண்டுக் காணியுமாக இருந்த சீதனம் இயந்திரத்தின் விலையாக மாறியபோது, மணமகனின் சம்மதத்துக்கும் ஒரு விலை ஏற்பட்டது. கோயிலில் சுயவிருப்பத்தோடுதான் வந்தீர்களா என்று குருவானவர் கேட்கிறார். எவ்வளவு பேசிக்கொண்டீர்கள் என்று கேட்பதில்லை. சாராயம் குடித்து வந்து அடிக்கிற கணவனைப் பற்றி முறையிடப் போன பெண்களுக்கு, பொறுத்துக்கொள், சிலுவையைச் சுமந்துகொள் என்ற புத்திமதியே நெடுங்காலம் கிடைத்தது. பிரிக்கப்படாத கட்டு என்ற கோட்பாடு, கைவிட்டு ஓடும் ஆணிடமிருந்து ஒருத்தியைக் காத்ததுண்டு. அடிக்கும் ஆணிடம் மற்றொருத்தியைச் சிறைப்படுத்தியதும் உண்டு. வீட்டு வன்முறையிலிருந்து காப்பதற்கான சட்டம் இலங்கையில் 2005இல்தான் வந்தது. அது கோயிலிலிருந்து பிறந்த சட்டமன்று. பெண்கள் இயக்கங்கள் போராடிப் பெற்றது.

கடந்த சில பத்தாண்டுகளாக இந்தக் கரையின் தென்பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் இத்தாலிக்கு வேலைதேடிப் போயிருக்கிறார்கள். வென்னப்புவவுக்குச் ‘சின்ன இத்தாலி’ என்றே பெயர் வந்துவிட்டது. கத்தோலிக்கத் தொடர்புகள் வழிகாட்டியபடியால் பயணம் அந்தத் தேசத்துக்கு அமைந்தது. அங்கே காத்திருந்த வேலையோ வீட்டுவேலையும் முதியோர் பராமரிப்பும். பல வீடுகளில் மனைவி முன்னே போக, கணவன் பிள்ளைகளோடு கரையில் காத்திருக்கிறான். வேறு வீடுகளில் இது மாறி நடக்கிறது. ஜோத்தோவின் ஓவியம் இருக்கிற தேசத்தில், சுவக்கீனும் அன்னம்மாளும் வயதான வேறொருவரின் படுக்கையறையில் கண்விழித்துக்கொண்டிருக்கிறார்கள். கணவனையோ மனைவியையோ அழைத்துக்கொள்ள வேண்டுமானால் வதிவிட அனுமதி, வருமானச் சான்று, வீட்டின் அளவு, எல்லாவற்றுக்கும் மேலாக விவாகப் பதிவுப் பத்திரம் தேவை. 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுச் சட்டத்தின்படி பதிவுபெற்ற கோயிலில் குருவானவர் நடத்தும் மணம் அரசாங்கப் பதிவாகவும் ஆகிவிடும். இரண்டு தடவை கல்யாணம் செய்யவேண்டியதில்லை. பத்திரம் மொழிபெயர்க்கப்பட்டு, முத்திரையிடப்பட்டு, தூதரக வாசலில் வரிசையில் நிற்கிறது. அது அங்கீகரிக்கப்படும் வரையில், பல வருடங்களானாலும், இரவில் ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டு தொலைபேசியில் இருவரும் செபமாலை சொல்லுகிற குடும்பங்கள் அந்தக் கரையில் இருக்கின்றன: பாதியை அவன் சொல்ல, மறுபாதியை அவள் சொல்லுகிறாள்.